ஹாலுக்குள் ஒரு பவளப்பாறை: ஒரு டன் கடல்நீரைக் கட்டி மேய்ப்பது எப்படி?

நீல வெளிச்சத்தில் மெல்ல அசையும் பவளங்கள், நடுவே புகுந்து புறப்படும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். முப்பது நொடி ரீல்ஸில் இதைப் பார்த்ததும் 'நம்ம ஹால்லயும் இப்படி ஒண்ணு வைக்கலாமே' என்று தோன்றுவது சகஜம். கப்பி, கோல்டுஃபிஷ் எல்லாம் வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆசை இன்னும் சீக்கிரம் வரும். நல்ல தண்ணீர் தொட்டி முடிந்தது, அடுத்தது கடல்தானே என்று.

ஆனால், இது வேறு ஆட்டம். நல்ல தண்ணீர் தொட்டியில் நாம் மீன் வளர்க்கிறோம். பவளத் தொட்டியில் வளர்க்க வேண்டியது தண்ணீரைத்தான். அது ஒரே நிலையில் நின்றால் மற்றதெல்லாம் தானாக வளரும். அதை நிற்கவைக்கத்தான் மெஷின், கரண்ட், நேரம், பணம் எல்லாமே. இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

பவளம் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. ஜெல்லி மீனுக்குச் சொந்தக்கார விலங்கு. ஒரு பவளக் கொத்து என்பது சின்னச் சின்ன உயிர்கள் நெருக்கிக் குடியிருக்கும் ஒரு பெரிய அபார்ட்மென்ட். அவற்றின் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் வாடகைக்கு இருக்கின்றன. பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைக்கும். அந்தச் சாப்பாட்டில் பெரும்பங்கு வாடகையாகப் பவளத்துக்குப் போய்விடும். தண்ணீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, அப்படியே சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேற, உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ஆம் ஆண்டுகளில் பவளங்கள் வெளிறியது இப்படித்தான். அவ்வளவு பெரிய கடலிலேயே இந்தக் கதி என்றால், ஹாலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் கேட்கவே வேண்டாம்.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் எண்கள் சில உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,250 முதல் 1,350 வரை. காரத்தன்மை 8, 9 டி.கே.எச். பக்கம். இந்த எண்களைத் தொடுவது பெரிய கஷ்டமில்லை. இன்று 8, நாளை 10, மறுநாள் 7 என்று ஊஞ்சலாடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நிலையாக இருக்கும் தண்ணீரில் பவளம் பிழைத்துக்கொள்ளும். தாவித் தாவி மாறினால் முதலில் திசு உரியும், அப்புறம் எலும்புதான் மிஞ்சும்.

பெரிய தொட்டி ஏன் நல்லது என்பதும் இதிலேயே இருக்கிறது. 60 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து பாறைக்குப் பின்னால் கிடந்தால், கவனிப்பதற்குள் அமோனியா ஏறி மற்றதும் போய்விடும். 600 லிட்டரில் அதே மீன் செத்தால், கண்டுபிடித்து எடுக்க அவகாசம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் சின்னதாக ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைப்பார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அது தலைகீழ். வீட்டைப் பொறுத்தவரை மட்டும் சின்னதே நல்லது.

தரை தாங்குமா?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பெரிய வீட்டுத் தொட்டி என்றால் இதுதான் வழக்கமான அளவு. கொள்ளளவு சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட், அடியில் இருக்கும் சம்ப் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். (சென்னைவாசிகளுக்கு சம்ப் என்றால் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இங்கே அது ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. வடிகட்டும் வேலையெல்லாம் அதில்தான் நடக்கும்.)

இந்த ஒரு டன்னும் உட்காருவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில். இந்தியத் தரநிலைப்படி வீட்டு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கு வைப்பார்கள். அது அறை முழுக்கப் பரவும் சுமைக்கான கணக்கு என்பதால், தொட்டி வைத்த மறுநாளே தளம் இறங்கிவிடாது. ஆனால் நான்கைந்து மடங்கு பாரத்தை ஒரே இடத்தில் ஏற்றுகிறோம் என்பது உண்மை. பீமை ஒட்டிய சுவரோரமா, ஸ்லாபின் நடுவிலா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மூன்றாவது மாடியில் இருப்பவர், கடைக்காரரின் 'ஒண்ணும் ஆகாது சார்' என்ற வாக்கை நம்பாமல் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுவது நல்லது.

தண்ணீருக்கே தண்ணீர் வேண்டும்

'பெசன்ட் நகர் பீச்சுல ரெண்டு கேன் பிடிச்சிட்டு வந்தா போதாதா?' என்று கேட்காத ஆள் இல்லை. நகரத்துக் கரையோரத் தண்ணீரில் கழிவும் எண்ணெயும் கிருமியும் கலந்திருக்கும். சுத்திகரிக்கும் வசதி இல்லாத வீட்டுக்கு அது சரிவராது. செயற்கைக் கடல் உப்பைச் சுத்தமான நீரில் கரைப்பதுதான் வழி. சுத்தம் என்றால் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க ஓகே, இதற்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனிகளையும் பிடித்துவைக்கும் இன்னொரு வடிகட்டி தேவை.

முதல் தடவை நிரப்ப 25 கிலோ அளவுக்கு உப்பு. பிறகு வாரம் 10 சதவீதம், அதாவது 70 லிட்டர் மாற்றுவதாக வைத்தால், மாதம் 10 கிலோ. இது தவிர தினமும் பத்து லிட்டர் போல ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியதும் உப்பில்லாத தண்ணீரே. பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டு, தானியங்கி டாப்-அப் கருவியும் இல்லை என்றால், 35-இல் இருந்த உப்பு 38-ஐ நெருங்கியிருக்கும்.

இன்னொரு கணக்கை யாரும் சொல்வதில்லை. வாரம் 140 லிட்டர் சுத்த நீர் வேண்டும் என்றால், வீட்டு ஆர்.ஓ. கருவி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கழிவு நீராகத் தள்ளும். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவப் பயன்படுத்தலாம். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் அபார்ட்மென்ட்டில் இதை அசோசியேஷன் மீட்டிங்கில் விளக்குவது தனி சாமர்த்தியம்.

கரண்ட் போனால்?

வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நம் ஊரில் பிரச்சினை நேர் எதிர். சித்திரை வெயிலில் ஹால் 34 டிகிரி இருக்கும்போது தொட்டியை 26-இல் நிறுத்த சில்லர் ஓட வேண்டும். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேயே கக்கும். அதைத் தணிக்க ஏ.சி. விளக்குகள் ஒரு நாளைக்கு 3 யூனிட், பம்புகள் 3 அல்லது 4, சில்லர் பாதி நேரம் ஓடினால் 7 என்று தோராயமாகப் போட்டால், தினம் 14 யூனிட் பக்கம். இரு மாத பில்லில் 800 யூனிட்டுக்கு மேல் கூடும். தமிழ்நாட்டில் இரு மாத உபயோகம் 500-ஐத் தாண்டினாலே யூனிட் விலை ஏறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணமாவது பரவாயில்லை. பம்ப் நின்றதும் நீரோட்டம் நிற்கும், ஆக்சிஜன் இறங்க ஆரம்பிக்கும். சூடான உப்புத் தண்ணீர் இயல்பிலேயே குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். மீன் நிறைந்த தொட்டியில் சில மணி நேரமே அவகாசம். சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாவிட்டாலும் ஒரு நீரோட்ட பம்பையாவது அதில் இணைத்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நிலைக்கு ஜெனரேட்டரைத் தவிர வேறு பதில் கிடையாது.

கரண்ட் நின்றவுடன் மேல் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சம்புக்கு இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சம்பில் அதற்கு இடம் விட்டிருக்கிறோமா என்று தொட்டி வாங்கிய முதல் வாரமே ஸ்விட்சை அணைத்துப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நள்ளிரவில் ஹால் தரையில்தான் தெரியவரும்.

தினசரி வேலை என்ன?

முதல் ஒன்றரை மாதத்துக்கு வேடிக்கை பார்ப்பது மட்டும்தான். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறைகளில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீருக்கு கரண்ட் பில் கட்ட வேண்டும். பெரும்பாலானோர் அவசரப்பட்டு மீன் வாங்கிச் சாகடிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஓட ஆரம்பித்த பிறகு தினமும் பத்து, இருபது நிமிடம்: வெப்பம் பார்ப்பது, கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பது, தீனி போடுவது, புரோட்டீன் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது. தண்ணீரில் காற்றை நுண்குமிழிகளாக அடித்து, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி இந்த ஸ்கிம்மர். அதில் சேரும் பச்சைப் பழுப்புக் கஷாயத்தின் வாடை வீட்டில் இருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும். வாரம் ஒருமுறை பரிசோதனை கிட், தண்ணீர் மாற்றம்.

கடினப் பவளங்கள் வளர வளர கால்சியத்தையும் காரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டும். உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் ஒரு வழி சுண்ணாம்புத் தெளிநீர். ஆமாம், வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. பெட்டிக்கடை டப்பாவில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாததால், தூய்மை உறுதியான பொடியையே வாங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பி.எச். எகிறி எல்லாம் செத்துவிடும்.

நம் வீடுகளுக்கென்றே சில ஆபத்துகளும் உண்டு. செம்புக் குடம், பித்தளைக் குழாய் இரண்டையும் இந்தத் தண்ணீர் தொடக் கூடாது. தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் பவளத்தையும் கொல்லும். கொசு, கரப்பான் ஸ்ப்ரேயும் அப்படித்தான். ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்திவிடும். ஆபத்து எதிர்த் திசையிலும் உண்டு. பட்டன் போலக் கொத்தாக இருக்கும் சோவாந்திட் வகை உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டினாலோ, வெந்நீரில் போட்டாலோ நஞ்சு காற்றில் பரவும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் கூடவே போக வேண்டியதாயிற்று. கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்தப் பாறைகளைத் தொடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பாறைகளை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அதில் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ பெயர்த்து வந்த பவளத்தை வாங்குவது, விற்பது, வைத்திருப்பது குற்றம். செத்த பவளக் கல்லுக்கும் விலக்கு இல்லை. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்பி 'லைவ் ராக், ராமேஸ்வரம் பீஸ்' என்று விலை சொல்பவர் இதைச் சொல்ல மாட்டார். 'இம்போர்ட்டட்' என்று சொன்னாலும், கடினப் பவளங்கள் சைட்ஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்பே வனத்துறையின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடலாம்.

ஆக, இங்கே நிம்மதியாகத் தூங்க விரும்புபவருக்குப் பொருத்தமானது செயற்கைப் பாறைகளும் பண்ணையில் பிறந்த மீன்களும் கொண்ட கடல் தொட்டி. பார்க்க ரீல்ஸ் அளவுக்கு வண்ணமயமாக இருக்காது. ஆனால் மேலே சொன்ன தலைவலிகளில் பாதி குறைந்துவிடும். கோமாளி மீன்களைப் பண்ணையில் பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் ஏற்கெனவே உருவாக்கிவிட்டன. கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணை மீன் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு அடித்து மயக்கிப் பிடித்த மீன்களும் உலகச் சந்தைக்கு வந்திருக்கின்றன. அவை வெளியே பளபளவென்று இருந்தாலும் அதிக நாள் தாங்காது.

'டோரி' எனப்படும் நீல டாங் மீனைக் கேட்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் விரல் நீளம் இருக்கும் அது 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய முடிந்ததே 2016-இல்தான், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில். எனவே கடையில் இருப்பது பெரும்பாலும் கடலில் பிடித்தது. எந்த மீன் வந்தாலும் முதலில் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துத்தான் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெண்புள்ளி நோய் உள்ளே புகுந்துவிட்டால், மீன்களை எல்லாம் வெளியேற்றித் தொட்டியை இரண்டரை மாதம் வரை காலியாக வைக்க வேண்டிவரும்.

நல்ல கவனிப்பில் கோமாளி மீன் 20 ஆண்டுகூட வாழும். அதற்குள் வேலை பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ மாறலாம், வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லலாம். தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் மீன்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கடையில் பேசிவைக்க வேண்டும். மீனைக் கொண்டுபோய்க் கடலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்க மீன் 1985-இல் ஃபுளோரிடா கடலோரம் முதலில் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் அதை, டைவர்கள் போட்டி வைத்து ஈட்டியால் குத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.