ஏலத்தில் காடி: கை தூக்கும் முன் கணக்குப் போடுங்கள்

என் அக்கா மகன் கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தான். ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்து முழங்கையில் கட்டோடு வந்து நின்றதும், அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "காடி வாங்கு."

கையில் இருந்தது 8,000 ரிங்கிட். பிடிபிடிஎன் கடனே முடியாத நிலையில் இன்னொரு கடனுக்குப் பையன் தயாராக இல்லை. அப்போதுதான் அரசாங்க இலாகா ஒன்றின் ஏல அறிவிப்பு அவன் கைப்பேசிக்கு வந்தது.

"மாமா, பெர்டானா வி6! ஆரம்ப விலை 2,500 வெள்ளிதான்!"

வாகனங்களைப் பார்வையிட ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். தெரிந்த போமன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். காற்று இறங்கிய டயர்களோடு, புல் முளைத்த திடலில் வரிசையாக நின்றன காடிகள். ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை. பேட்டரி செத்துக் கிடந்ததால் எஞ்சினை முடுக்கவும் வழியில்லை. 'இருக்கும் நிலையிலேயே விற்பனை' என்பதுதான் இத்தகைய ஏலங்களின் அடிப்படை விதி. வாங்கிய பிறகு குறை சொல்லித் திருப்பிக் கொடுக்க முடியாது.

போமன் டார்ச் லைட்டை எடுத்தார். எண்ணெய்க் கம்பியை உருவி, எண்ணெய் பால் கலந்தது போல் இருக்கிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கால்மிதியைத் தூக்கிச் சேறு தேடினார். வெள்ளத்தில் நின்ற காடியை அது காட்டிக் கொடுத்துவிடும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் அறிவிப்பில் உள்ளதோடு ஒப்பிட்டார். எண் ஒத்துப்போகாவிட்டால் புஸ்பாகோம் பரிசோதனையில் சிக்கல்தான், பெயர் மாற்றமும் நடக்காது. சில வாகனங்கள் சாலையில் ஓட்டுவதற்காக அல்ல, பழைய இரும்பாகவே விற்கப்படுகின்றன. அறிவிப்பில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் இலாகா அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

பையன் பெர்டானாவின் தோல் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை.

"தம்பி, இதுக்கு வருஷத்துக்கு ரோட் டெக்ஸ் எவ்வளவு தெரியுமா?" என்று போமன் கேட்டார். 1,998 சிசி என்றால் தீபகற்பத்தில் 379 ரிங்கிட். பக்கத்தில் நின்ற 1.3 சாகாவுக்கு 70 ரிங்கிட்தான். அதே ஏலத்தில் 3,000 சிசி சொகுசுக் காடி ஒன்று 6,000-க்குக் கிடைத்தால் மயங்கிவிடாதீர்கள், அதன் சாலை வரி மட்டும் ஆண்டுக்கு 2,130 ரிங்கிட். பெர்டானாவைப் பற்றி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2008-இல் திரெங்கானு மாநில அரசு, பெர்டானாவின் பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்று சொல்லி 14 மெர்சிடிஸ் காடிகளை வாங்கியதும், அது நாடு முழுக்கச் சர்ச்சையானதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாநில அரசுக்கே கட்டுப்படியாகாதது என் மருமகனுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

பையன் முகம் வாடியது. இரண்டு சாகாக்களைக் குறித்துக்கொண்டோம். வீட்டில் உட்கார்ந்து உச்ச வரம்பு எழுதினோம்: 5,000. மீதி 3,000 பின்செலவுக்கு.

பல இலாகாக்கள் மூடிய உறையில் விலை எழுதிப் பெட்டியில் போடச் சொல்கின்றன. இது கை தூக்கும் ஏலம். முதல் சாகாவுக்குப் பையன் 4,900 சொன்னான். முன்வரிசையில் இருந்த பழைய காடி வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் 5,100 என்றார்.

"மாமா, இன்னும் 200தானே?"

அந்த '200தானே' நாலு தடவை வந்தால் டயர் காசு போய்விடும். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அது 6,300-க்குப் போனது. பின்கதவு நசுங்கிய இரண்டாவது சாகாவை வியாபாரி சீண்டவில்லை. 4,300-க்கு எங்களுக்கு விழுந்தது.

சாலை வரி செத்த காடியை ஓட்டி வர முடியாது. இழுவை லாரிக்கு 200. பேட்டரி 250, நான்கு டயர் 720. டைமிங் பெல்ட், பிரேக், எண்ணெய் எல்லாம் மாற்றப் போமன் கணக்கு 1,150. பரிசோதனை, பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி சேர்ந்து ஏறத்தாழ 1,000. காப்புறுதியில்தான் பையன் அதிர்ந்தான். என்சிடி கழிவு காடியோடு வருவதில்லை, உரிமையாளருடையது. அப்பா 55 விழுக்காடு கழிவில் கட்டுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, முதல் காடி என்பதால் கழிவே கிடையாது.

மொத்தம் 7,620. மிச்சம் 380 ரிங்கிட்.

கதவு நசுங்கலை நிமிர்த்த பட்டறையில் 350 கேட்டார்கள். பையன் என்னைப் பார்த்தான். அக்கா முந்திக்கொண்டார்: "மழை உள்ள வரலைல்ல? அப்படியே ஓட்டு."