மேற்குச் சுவர் ராத்திரியில் ஏன் சுடுது?

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னித் தலம். அதனால சித்திரை வெயிலில் யாராவது "உஸ்ஸ்"னு உட்கார்ந்தா, "அக்னி ஸ்தலத்துல வேற எப்படி இருக்கும்?"னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். ஆனா ராத்திரி 11 மணிக்கு, வெயிலே இல்லாத நேரத்தில், கட்டிலை ஒட்டின சுவரில் கை வெச்சா சுடுதே? அதுக்கு இயற்பியல்தான் பதில் சொல்லணும்.

பழைய வீடு வெச்சிருக்கிறவங்ககிட்ட "சுவருக்கு இன்சுலேஷன் போட்டுடலாம்"னு சொல்றவங்க இப்போ அதிகம். உள்பக்கம் தெர்மோகோல், அதுமேல பிவிசி பேனல். ரூமும் புதுசா தெரியும். உங்க வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு ஓடினா, பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவங்களுக்கு இது ரொம்ப ஈஸி.

முதலில், எந்தச் சுவர்?

நம்ம ஊர் சுமார் 12.2 டிகிரி வட அட்சரேகையில் இருக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் மதியச் சூரியன் உச்சியிலிருந்து 4 முதல் 9 டிகிரி வரை வடக்கே தள்ளி நிற்கும். அந்த நாட்களில் தெற்குச் சுவரில் நாள் முழுக்க நேரடி வெயில் விழவே விழாது. வடக்குச் சுவரில் சாய்வா கொஞ்சம் விழும். கிழக்குச் சுவர் காலையில் வாங்கும், ஆனா அப்போ காற்று இன்னும் சூடாகியிருக்காது. மேற்குச் சுவருக்குத்தான் இரட்டை அடி. காற்றும் கொதிக்கிற 3, 4 மணிக்கு வெயில் நேரா முகத்தில் அறையும்.

இதில் நம்ம ஊருக்கு ஒரு தனி விஷயம் உண்டு. கோயிலும் பழைய தெருக்களும் மலைக்குக் கிழக்கே இருக்கு. மலையடிவாரத்தை ஒட்டின வீடுகளுக்குச் சாயங்காலச் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைஞ்சிடும். ஊரின் வெளிப்பக்கம் இருக்கிற வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, நாலு சுவருக்கும் ஒரே செலவு பண்றது வீண்.

சூடு வந்து சேர நேரம் ஆகும்

9 அங்குல செங்கல் சுவரைத் தாண்டி சூடு உள்ளே வர ஏறக்குறைய 7 மணி நேரம் பிடிக்கும். மதியம் 4 மணிக்குச் சுவர் குடிச்ச வெயில் ராத்திரி 11 மணிக்கு உங்க முதுகுக்கு வருது. தாத்தா காலத்து 18 அங்குலச் சுவரில் இதே பயணம் 14 மணி நேரம். சூடு உள்ளே எட்டிப் பார்க்கும்போது விடிகாலை ஆகியிருக்கும், அதுவும் நல்லாத் தேஞ்சு போயிருக்கும். அப்போ ஜன்னலைத் திறந்து வெச்சா அதுவும் வெளியே போயிடும். பழைய வீடு குளுகுளுன்னு இருந்ததுக்குக் காரணம் சுவர் சூட்டைத் தடுத்தது மட்டும் இல்லை. அதைத் தள்ளிப்போட்டதும்தான்.

இப்போ கணக்கு

10 அடிக்கு 10 அடி மேற்குச் சுவர், 9 அங்குலம், ரெண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு. இதோட யு மதிப்பு சுமார் 2. அதாவது உள்ளே வெளியே 1 டிகிரி வித்தியாசம் இருந்தா, ஒரு சதுர மீட்டர் வழியா 2 வாட் சூடு உள்ளே வரும். வெளிக்காற்று 38 டிகிரி, உள்ளே 32, சுவரில் விழும் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்னு வெச்சுக்கலாம். சூடு வந்து சேரும் தாமதத்தை மட்டும் இந்தக் கணக்கில் விட்டுடறோம். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

மங்கலான, கறை படிஞ்ச சுவர் விழுற வெயிலில் 70 சதவீதத்தைக் குடிச்சா, அது 55 டிகிரி காற்றில் நிற்கிற சுவருக்குச் சமம். உள்ளே வரும் சூடு சுமார் 430 வாட். ரூமுக்குள்ள நாலு 100 வாட் குண்டு பல்பு எரியுற மாதிரி.

அதே சுவருக்கு வெளியே பளிச்சுனு வெள்ளை அடிச்சு, 30 சதவீதம்தான் குடிக்குதுன்னா: சுமார் 240 வாட்.

50 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஒட்டினா: யு மதிப்பு 0.5 பக்கம் இறங்கும். சுமார் 110 வாட்.

எதுவும் ஒட்டாம, சுவரில் வெயிலே விழாதபடி முழு நிழல் கொடுத்தா: அதுவும் சுமார் 110 வாட்!

கடைசி ரெண்டு வரியைத் திரும்பப் படிங்க. சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மேல்பக்கம் திறந்த மாதிரி நிறுத்தின தென்னங்கீற்றுத் தட்டி, ஒரு கொடிப்பந்தல், ஒரு வேப்பமரம் எல்லாம் தெர்மோகோலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இடைவெளி முக்கியம். நடுவில் சூடான காற்று மேலேறிப் போக வழி வேணும். கீற்று சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால அடுப்படிக்கும் மின் வயருக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

பழைய சுவருக்கு மூச்சு முட்டும்

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெச்சுக் கட்டின சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு பக்கமும் காயும். உள்பக்கம் தெர்மோகோலும் பிவிசியும் வெச்சு மூடினா ஒரு பக்கக் கதவு அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறின ஓதம் உள்ளேயே தங்கும். பூஞ்சை வரும், பூச்சு உதிரும். பேனல் மறைச்சிருக்கிறதால ரொம்ப நாள் கண்ணுக்கும் தெரியாது. மேல சிமென்ட் பூசுறதும், பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கிறதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் பொருத்தம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற பழக்கம் கோடைக்கு முன்னாடியே சுவரைத் தயார் பண்ணிடுது.

அப்போ இன்சுலேஷன் வேண்டவே வேண்டாமா?

வேணும், இடம் பார்த்து. ஏசி ஓடுற ரூமில், மரமோ தட்டியோ வைக்க இடமில்லாத மேற்குச் சுவரில், அது மின் கட்டணத்தைக் குறைக்கும். முடிஞ்சா வெளிப்பக்கம் போடுங்க. ராத்திரிக் காற்றில் குளிர்ந்த செங்கல் வீட்டுக்குள்ள இருக்கும், பகல் முழுக்க உதவும். ஓதம் இருந்தா முதலில் அதைச் சரி பண்ணணும். தெர்மோகோல் எரியக்கூடியது, அதனால மேலே சரியான பூச்சு கட்டாயம்.

ஆனா சுவருக்கு முன்னாடி கூரை. சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிற ஊரில் அதிக வெயிலை வாங்குறது மொட்டை மாடிதான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாதுன்னு தனியா வரம்பு வெச்சிருக்கு. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கும் மேல.

அதனால வரிசை இதுதான்: கூரைக்கு வெள்ளை, மேற்குச் சுவருக்கு நிழல், வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு ராத்திரியில் திறந்து வைக்கிறது. இவ்வளவும் பண்ணின பிறகும் சூடு குறையலைன்னா இன்சுலேஷனுக்கு விலை கேளுங்க.

இந்த லீவில் வீட்டுக்குப் போனா சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை, நாலு சுவரையும் உள்பக்கம் தொட்டுப் பாருங்க. எந்த நேரத்தில் எது சுடுதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டா, எங்கே செலவு பண்ணணும்னு யார்கிட்டயும் கேட்க வேண்டியிருக்காது.