ரியாக்ட்டா, வெறும் எச்.டி.எம்.எல்லா?

மினி ப்ராஜெக்ட்டுக்கு வெப்சைட்னு முடிவானதும் டீம்ல வர்ற முதல் சண்டை, ‘ரியாக்ட்டா, ஜாங்கோவா?’ என்பதுதான். சைட் என்ன வேலை செய்யப் போகுதுன்னு யாரும் கேட்பதில்லை. நாங்களும் அப்படித்தான். ஐந்தே பக்கமுள்ள சிம்போசியம் சைட்டுக்கு ரியாக்ட், நோட், மாங்கோடிபி எல்லாம் போட்டோம். அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்ற வந்த ஜூனியர்களால் அதை ஓட வைக்கவே முடியவில்லை.

நம்ம ஊர்ப் பெயரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கு: மதுரைத் திட்டம். கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். வாசிக்க வருபவருக்கு லாகின் தேவையில்லை, தேவை புத்தகம் மட்டுமே. அதனால் எச்.டி.எம்.எல், பி.டி.எஃப் கோப்புகளே போதுமாக இருந்தன. இன்றைக்கும் எந்த போனிலும் அவை திறக்கும்.

அவர்களுக்கும் ஒரு சிக்கல் வந்தது. ஆரம்பத்தில் குறிப்பிட்ட தமிழ் ஃபான்ட் நம் கணினியில் இருந்தால்தான் எழுத்து தெரியும். பிறகு டிஸ்கி, அதன்பின் யூனிகோடு என்று மாற வேண்டியிருந்தது. ஒரு ஃபான்ட்டை நம்பி இருந்தது பழசாகிப் போச்சு. எல்லோருக்கும் பொதுவான தரத்துக்கு மாறியது நிலைத்தது.

அதனால் டூல் தேர்வு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று, பக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரியா? அப்படின்னா எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ் போதும், கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே ஏற்றலாம். பெயர் பதிவு செய்து சேமிக்கணும்னா சர்வரும் டேட்டாபேஸும் வேணும், பி.எச்.பி அல்லது ஜாங்கோ எடுங்க. ஸ்கோர்போர்டு, சீட் புக்கிங் போல திரை நொடிக்கு நொடி மாறினால்தான் ரியாக்ட்டுக்கு உண்மையான வேலை.

இரண்டு, நீங்க பாஸ் அவுட் ஆன பிறகு யார் பார்த்துக்குவாங்க? அவங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்க.

மூன்று, சைட்டில் தமிழ் வருமா? ‘மதுரை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 5 என்று சொல்லும், ஏன்னா ‘து’வில் உகரக் குறியும் ‘ரை’யில் ஐகாரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். யூ.டி.எஃப்-8இல் அதே சொல் 15 பைட். ஃபார்மில் பெயருக்குப் பத்து எழுத்து வரம்பு வைத்தால் ‘மீனாட்சிசுந்தரம்’ பாதியில் நின்றுவிடும். டேட்டாபேஸிலும் யூனிகோடு அமைப்பு சரியா என்று ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்க.

இந்த மூன்றுக்கும் அரைப் பக்கத்தில் பதில் எழுதிட்டு, அப்புறம் டெர்மினலைத் திறங்க. ரிவ்யூவில் ‘ஏன் இந்த டூல்?’ என்று கேட்டால் அந்த அரைப் பக்கமே பதில்.