அறிவுரை மதிப்பெண்ணாக மாறும் இடம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு ஒரு வரைபடம் காட்டினார்கள். எவ்வளவு படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அதில் இருந்தது. வேறு சிலருக்குக் காட்டிய வரைபடத்தில் நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்களின் வருமானம். பிறகு கூடுதல் மதிப்பெண்ணுக்காக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து, விருப்பமிருந்தால் செய்யலாம் என்றார்கள். முதல் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அதைச் செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட எட்டு மடங்கு இருந்ததாக மெஸ்மின் டெஸ்டினும் டாப்னா ஆய்சர்மனும் 2010-இல் எழுதினார்கள். சின்ன ஆய்வுதான், அளந்ததும் ஒரே ஒரு வீட்டுப்பாடத்தை. ஆனாலும் எப்போதோ கிடைக்கப்போகும் சம்பளம் இன்றைக்கு ஒரு பிள்ளையைப் புத்தகத்தைத் திறக்க வைத்திருக்கிறது.

அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு விஷயம் இதைவிடச் சுவையானது. மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போவோம் என்றே சொன்னார்கள். ஆனால், பெரியவனானதும் நான் செய்யப்போகும் வேலைக்குப் படிப்பு தேவை என்று நினைத்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். வீட்டுப்பாடத்தை அதிக அக்கறையோடு செய்தவர்களும் அவர்களே. கல்லூரி ஆசை ஏறத்தாழ எல்லோருக்கும் இருந்தது. இன்றைய பாடத்துக்கும் நாளைய வேலைக்கும் நடுவே பாதை தெரிந்தவர்களே கூடுதலாக உழைத்தார்கள்.

அப்படியானால் கல்லூரி அரங்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து "இந்தப் பாடம் உங்கள் எதிர்காலத்துக்கு ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. எலிசபெத் கேனிங், ஜூடித் ஹராகீவிச் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு மனக்கணக்கில் பெருக்கும் புதிய முறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அது எங்கெல்லாம் பயன்படும் என்று எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு பிரிவிடம், அது எங்கே பயன்படும் என்று நீங்களே எழுதுங்கள் என்றார்கள். கணக்கில் தன்னம்பிக்கை இல்லாதவர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. எடுத்துச் சொன்னது அவர்களைப் பின்னுக்கு இழுத்தது. தாமே எழுதியது கைகொடுத்தது. யோசித்தால் வியப்பில்லை. எனக்கு வராது என்று ஏற்கெனவே பயந்திருப்பவனிடம் இது இல்லாமல் பிழைக்க முடியாது என்று சொன்னால், அவன் காதில் விழுவது மிரட்டல்தான். நம் ஊர் வழிகாட்டிப் பேச்சுகளில் பாதி இந்த ரகம்.

இதையே பெரிய அளவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் செய்து பார்த்தார்கள். தொடக்கநிலை உயிரியல் படித்த 1,040 மாணவர்கள். ஒரு பிரிவினர் பருவத்தில் மூன்று முறை, படித்த பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புடையது என்று கட்டுரை எழுதினார்கள். மற்றப் பிரிவினர் பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள். அவ்வளவுதான். சிறப்பு வகுப்பு இல்லை, ஆலோசகர் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகவும் அங்கே சிறுபான்மை இனத்தவராகவும் இருந்த மாணவர்கள், சுருக்கம் எழுதிய பிரிவில், பட்டதாரிக் குடும்பத்துப் பெரும்பான்மை மாணவர்களைவிட 0.84 கிரேடு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். வாழ்க்கையோடு இணைத்து எழுதிய பிரிவில் அவர்கள் 0.51 புள்ளி மேலேறினார்கள். இடைவெளியில் 61 விழுக்காடு காணாமல் போனது. 2016-இல் முடிவுகள் வெளியாயின.

ஏன் அவர்களுக்கு மட்டும் இவ்வளவு? குடும்பத்துக்கு உதவ வேண்டும், தம் மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்களில் அதிகம். அந்த எண்ணத்துக்கும் செல் உயிரியலுக்கும் ஆகாது என்பதுபோலத்தான் வகுப்பு நடக்கும். கட்டுரை இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்தது. இதில் இன்னொரு வேலையும் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் சர்க்கரை நோயைப் பற்றி எழுத உட்காரும் மாணவி, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தசைச் செல்லுக்குள் குளுகோஸ் ஏன் போதுமான அளவு நுழைவதில்லை என்று விளக்கியாக வேண்டும். அரைகுறையாகப் புரிந்ததை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்க முடியாது. பாடத்தை மறுபடி புரட்டுவாள். ஆர்வத்தோடு படிப்பும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.

தானே எழுதித் தெளிவடையும் இந்த வழி, தொழில் வழிகாட்டல் என்ற துறையைத் தொடங்கிவைத்தவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஃபிராங்க் பார்சன்ஸ் 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் அதற்கென ஒரு அலுவலகம் திறந்தார். அவரே பொறியாளர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், பேராசிரியர் என்று தாவித் தாவி வந்தவர். நகர மேயர் தேர்தலில் நின்றும் பார்த்தவர். (வழிகாட்டியாவதற்கு இதைவிட நல்ல தகுதி வேறென்ன?) ஆலோசனை கேட்டு வருபவர் முதலில் தன்னைப் பற்றிய நீளமான கேள்விப் பட்டியலுக்குத் தானே எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது அவர் முறை. எந்த வேலை என்று முடிவு செய்வதும் வந்தவரே. அலுவலகம் திறந்த அதே ஆண்டு செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்துபோனார். இந்த முறையை விளக்கி அவர் எழுதிய புத்தகம் 1909-இல்தான் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி தருகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் பல கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பயிற்சி சூடுபிடிப்பது மூன்றாம் ஆண்டில். கணிதத் தாளில் அரியர் விழுவதோ முதல் செமஸ்டரில். அந்த அரியர் கையில் இருந்தால் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. மேடிசனில் மூன்று கட்டுரைகளும் எழுதப்பட்டது தொடக்கநிலைப் பாடத்தில், அந்தப் பருவம் முடிவதற்குள்.