கோட்டைக்கு முதுகைக் காட்டி நடங்கள்

எடின்பரோ போகிறவர்கள் எல்லாரும் முதல் வேலையாகக் கோட்டை வாசலில் வரிசை கட்டுகிறார்கள். கட்டட்டும். உள்ளே முதலாம் டேவிட் மன்னர் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய செயின்ட் மார்கரெட் சிற்றாலயம் இருக்கிறது; அந்த ஊரில் இன்றும் நிற்கிற கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். 1861 முதல் நடக்கிற வழக்கம். இரண்டும் ஆயிற்றென்றால் கோட்டைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே இறங்குங்கள். ஊர் அங்கேதான் இருக்கிறது.

பொதுப்பணித் துறையில் சுவரும் கூரையும் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். மகள் எடின்பரோவில் வேலை பார்ப்பதால் போக வாய்த்தது. மற்றவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் இடத்தில் என் கண் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே போட்ட கலவைக்குப் போய்விடும்.

கோட்டை நிற்பது அணைந்துபோன எரிமலையின் தொண்டையில் இறுகிய பாறைமேல். பனியுகத்தில் மேற்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்களை அந்தப் பாறை மறித்ததால், அதன் மறைவில் இருந்த மண்ணும் கல்லும் அரிபடாமல் கிழக்கே ஒரு வால் மாதிரி நீண்டு நின்றுவிட்டன. ராயல் மைல் என்கிற தெரு அந்த வாலின் முதுகில்தான் ஓடுகிறது. கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர், முழுக்க இறக்கம்.

இரண்டு பக்கமும் சரிவு. வடக்கே ஏரி இருந்தது (இப்போது வடிந்து பூங்காவாகிவிட்டது), தெற்கே மதில். ஜனம் பெருகியபோது பரவ இடமில்லாமல் மேலே மேலே கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆறு மாடி சாதாரணம். சரிவில் பின்பக்கமிருந்து எண்ணினால் பத்தைத் தாண்டியவையும் உண்டு. மின்தூக்கி கிடையாது, குழாய் கிடையாது. தண்ணீரைச் சுமந்துதான் ஏற்ற வேண்டும்; அழுக்குத் தண்ணீரை 'கார்டிலூ' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவில் கொட்டினார்கள். வீட்டுக் கட்டடங்களுக்கு நடுவே குறுகலாக இறங்கும் சந்துகளை 'குளோஸ்' என்கிறார்கள். சில சந்துகளில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.

இந்த அடுக்குவீடுகளில் ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட் போகலாம். 1617-ல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வியாபாரி வாங்கி, தெருப்பக்கம் நீட்டிக் கட்டியது. 1934-ல் இடிக்க நாள் குறித்தாயிற்று. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கியதால் பிழைத்தது. பழுது பார்க்கப்போனால், பிற்காலத்தில் எழுப்பிய முன்சுவருக்குப் பின்னால் பழைய கல் வளைவுகள் அப்படியே இருந்தன. மாடியில், 1620-ல் பூவும் கனியுமாக வண்ணம் தீட்டிய மரக்கூரை வெளிப்பட்டது. இடித்திருந்தால் அங்கே அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

ஒரே படிக்கட்டில் பிரபுவும் வியாபாரியும் தச்சரும் ஆளுக்கொரு மாடியில் குடியிருந்த காலம் அது. 1767-ல் ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டப்படி ஏரிக்கு வடக்கே நேர்க்கோட்டுத் தெருக்களோடு புதுநகரம் எழும்பத் தொடங்கியதும் வசதி உள்ளவர்கள் அங்கே போய்விட்டார்கள். விட்டுப்போன அறைகளைப் பலகை வைத்துத் தடுத்து, தடுத்ததையும் தடுத்து, ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பராமரிக்க யாரும் இல்லை. அதன் விலையை 1861 நவம்பர் 24-ஆம் தேதி பெய்ஸ்லி குளோஸ் கொடுத்தது. சுமார் 250 வருஷத்துக் கட்டடம் ஒன்று நள்ளிரவுக்குப் பின் மொத்தமாகச் சரிந்து 35 பேர் செத்தார்கள். இடிபாட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையன், 'இழுங்கப்பா, நான் இன்னும் சாகலை' என்று குரல் கொடுத்தான். தோண்டி எடுத்தார்கள், பிழைத்தான். அந்தச் சந்தின் நுழைவாயில் வளைவின்மேல் அவன் முகத்தையும் அந்தச் சொற்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் அதற்கு அடியிலேயே கடந்து போகிறது. நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு.

அடுத்த ஆண்டே ஹென்றி லிட்டில்ஜான் நகரின் முதல் சுகாதார அதிகாரியானார். நகரின் சுகாதார நிலை பற்றிய அவர் அறிக்கை வந்தது 1865-ல். இரண்டு வருஷத்தில் நகர மேம்பாட்டுச் சட்டமும் வந்தது. மேம்பாடு என்றால் அன்றைக்கு இடிப்புதான்; சந்து சந்தாக வழித்துத் தள்ளிவிட்டு அகலத் தெரு போட்டார்கள். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. அங்கே இருந்த ஏழைகள் பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருக்கினார்கள்.

இதை எதிர்த்து வேறு வழி காட்டியவர் பேட்ரிக் கெடெஸ். பொறியாளரோ கட்டடக் கலைஞரோ அல்ல, உயிரியல் படித்தவர். மெக்சிகோ போன இடத்தில் சில காலம் கண் தெரியாமல் போனதால் நுண்ணோக்கியை விட்டு ஊரைப் பார்க்கத் திரும்பியவர். 1886-ல் கல்யாணமான கையோடு மனைவி ஆன்னாவை அழைத்துக்கொண்டு ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்துக்குக் குடிபோனார். ஒரு காலத்தில் தத்துவஞானி டேவிட் ஹியூம் வாழ்ந்த இடம்; அப்போது பாழடைந்த சேரி. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடித்தார்கள், குப்பையை அள்ளினார்கள், ஜன்னலில் செடி வைத்தார்கள். மிக மோசமான ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் காற்றுக்கும் தோட்டத்துக்கும் வழிவிட்டு, மற்றதைச் செப்பனிட்டுக் குடிவைப்பதுதான் அவர் முறை. 'பேணும் அறுவைச் சிகிச்சை' என்று அதற்குப் பேரும் வைத்தார்.

ஜேம்ஸ் கோர்ட்டை ஒட்டியே 1622-ல் கட்டிய லேடி ஸ்டேர் மாளிகை. கெடெஸ் வற்புறுத்தியதால் ரோஸ்பெரி பிரபு வாங்கி, 1907-ல் நகருக்குக் கொடுத்தார். இப்போது பர்ன்ஸ், ஸ்காட், ஸ்டீவன்சன் மூவருக்குமான எழுத்தாளர் அருங்காட்சியகம். நான் நெடுநேரம் நின்றது அதன் சுழல் படிக்கட்டில். படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பாலபாடம். இங்கே வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் காலுக்குப் பழகியிருக்கும்; இருட்டில் வரும் திருடன் தடுக்கி விழுந்து காட்டிக்கொடுப்பான். "அப்பா, கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்று மகள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

தெருவின் தென்புறம் ரிடில்ஸ் கோர்ட். 1590-களில் ஜான் மெக்மாரன் என்ற பெருவணிகர் கட்டியது. 1595-ல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு கலகம் செய்த மாணவர்களை அடக்கப் போன அவரை ஒரு மாணவன் சுட்டுக் கொன்றுவிட்டான். 1598-ல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் தன் மைத்துனருக்கு விருந்து வைத்ததும் இதே வீட்டில்தான். 1890 வாக்கில் கெடெஸ் இதைச் செப்பனிட்டு மாணவர் விடுதியாக்கினார். 'வாழ்ந்தே கற்கிறோம்' என்ற பொருளில் அவர் பொறித்த லத்தீன் வாசகம் முற்றத்து வளைவில் இருக்கிறது. இன்று அது அவர் பெயரிலேயே ஒரு கற்றல் மையம்.

இந்த மனிதருக்கும் நமக்கும் நேரான தொடர்பு உண்டு. சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் 1914-ல் அவர் இந்தியாவுக்குக் கிளம்பினார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது வேறு யாருமல்ல, அந்தச் செப்டம்பரில் சென்னைமேல் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்! நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சேப்பாக்கம் செனட் மாளிகையில் கண்காட்சி நடந்தது. பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருவை உடைத்து நேர்ச்சாலை போடும் திட்டங்களுக்குப் பதிலாக, எடின்பரோவில் செய்து பார்த்த அதே முறையைத்தான் சொன்னார். பொறியாளர்கள்மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது; ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் கிரீடக் கோபுரம், ஜான் நாக்ஸ் வீடு, ஆடம் ஸ்மித் அடக்கமான கேனன்கேட் கல்லறை இவையெல்லாம் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கின்றன. நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் இல்லாத ஒன்று, சாரங்கள். எப்போது போனாலும் ஏதாவது ஒரு சுவரில் சாரம் கட்டி வேலை நடக்கும். இந்த ஊர்க் கல் மணற்கல், மழையைக் குடித்து மூச்சாக வெளியே விடுகிற ரகம். சுண்ணாம்புக் கலவை அந்த ஈரத்தை மூட்டு வழியாக விடும். போன நூற்றாண்டில் கெட்டியாக இருக்கட்டும் என்று பல இடங்களில் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். ஈரம் மூட்டில் வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. கேனன்கேட்டில் ஒரு கொத்தனாரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வைத்த சிமெண்டைக் கொத்தி எடுக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்று சிரித்தார். அவர் வாளியில் இருந்தது சுண்ணாம்பு.

பழைய நகரமும் புதுநகரமும் சேர்ந்து 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பழைய நகரத்தைப் பொறுத்தவரை, அதைக் காப்பாற்றியது கண்காட்சிக் கூண்டு அல்ல, குடியிருப்பு. தரைத்தளத்தில் கம்பளிக் கடை, மேலே துணி உலர்த்துகிற வீடு. அப்படி ஆள் இருக்கிற கட்டடங்கள்தான் அங்கே நன்றாக இருக்கின்றன.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எழுத்தாளர் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மழை பெய்தால் கல் பாவிய சந்துகள் வழுக்கும், ரப்பர் அடியுள்ள காலணி போடுங்கள். மே, ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சாப்பிட்டுவிட்டுக்கூட நடக்கலாம். ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். கலைவிழாக் கூட்டத்தில் சந்துகளின் வாசலே கண்ணில் படாது.