குலவழிக் கதைகளும் அகழாய்வும்: ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸின் ஹோப்பி ஆய்வுகள்

ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் (1850–1930) கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்த விலங்கியலாளராகவே தம் ஆய்வு வாழ்வைத் தொடங்கினார். 1890இல் மெய்ன் மாநிலத்துப் பசமகுவாடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிவுசெய்தார். இனவரைவியல் நோக்கிலான களஒலிப்பதிவின் தொடக்கம் அதுவே எனலாம். ஹெமன்வே ஆய்வுக்குழுவின் பொறுப்பேற்று, அரிசோனாவின் ஹோப்பி ஊர்களில் பணியாற்றினார்.

வால்பி ஊரின் ஒவ்வொரு குலத்திற்கும், அது எத்திசையிலிருந்து புறப்பட்டு எவ்வூர்களில் தங்கி வந்தது என்னும் இடப்பெயர்வுக் கதை உண்டு. ஃபியூக்ஸ் அவற்றைத் தொன்மமென ஒதுக்காமல், எங்குத் தோண்டுவது என்பதற்கான வழித்தடமாகக் கொண்டார். நீர்க்குலத்தார் தெற்கிலிருந்து வந்தனர் என்னும் மரபைச் சோதிக்கவே 1896இல் சிறிய கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள ஹோமோலோவியில் அகழ்ந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டின் சிக்யாட்கி அகழாய்வே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. வால்பியாரால் அழிக்கப்பட்டதாக மரபு கூறும் அவ்வூரின் இடுகாடுகளில் மஞ்சள் நிறக் கலங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நிலக்கரியால் சுடப்பட்ட அக்கலங்களில் பறவை, இறகு உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவை வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. ஆயின் அவை இறந்தோர்க்கு உறவினர் படைத்த பொருள்கள். அவற்றை எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய வினா அக்காலத்து அறிக்கைகளில் எழவேயில்லை.

ஹானோ ஊரின் குயக்கலைஞர் நம்பேயோ பழைய பாணியை மீட்டெடுத்ததற்கு இவ்வகழாய்வே காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அவருடைய கணவர் லெசூ அகழாய்வில் கூலிக்குப் பணிசெய்தது உண்மையே. எனினும் 1895க்கு முன்பே நம்பேயோ பழங்கலங்களைப் பார்த்து வனைந்துவந்தார் எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். கலைஞரின் ஆக்கத்திறனை அறிஞரின் கணக்கில் எழுதிய பிழை இது.

1908, 1909ஆம் ஆண்டுகளில் மேசா வெர்டேயின் குன்றுக்குடியிருப்புகளைச் சீரமைத்த ஃபியூக்ஸ், 1918 முதல் 1928 வரை அமெரிக்க இனவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். இதற்கிடையில், வாய்மொழி மரபுக்கு வரலாற்று மதிப்பே இல்லை என 1915இல் ராபர்ட் லோவி வாதிட்டார். அதன்பின் ஃபியூக்ஸின் முறை செல்வாக்கிழந்தது. கதையும் மண்ணடுக்கும் பொருந்தாத இடங்களிலும் அவர் பொருத்த முயன்றார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

1990இல் இயற்றப்பட்ட தொல்குடிக் கல்லறைப் பாதுகாப்பு, மீட்பளிப்புச் சட்டம் வாய்மொழி மரபையும் சான்றாக ஏற்கிறது. ஃபியூக்ஸுக்குத் தொல்லூர்களை அடையாளம் காட்டிய குலவழிக் கதைகள், கல்லறைப் பொருள்களை மீட்கக் கோரும் வழித்தோன்றல்களுக்கு இன்று ஆதாரமாக நிற்கின்றன. அக்கதைகளைத் தொல்லியலாளருடன் இணைந்து ஆராயும் பணியில் ஹோப்பிப் பண்பாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் ஈடுபட்டுள்ளது.