நின்றால் நடுங்கும் பழைய கார்: சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கி ஓடும்வரை பழைய மாருதி 800 எந்தக் குறையும் காட்டாது. ஊருக்குள் நுழைந்து, ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். கியர் லீவர் ஆடும், ஸ்டீயரிங் அதிரும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும் நேரம் பார்த்து இன்ஜின் அணைந்துபோகும். "அண்ணாச்சி, ரேஸ் குடுத்தா நல்லா இருக்கு, நின்னா கெடகெடன்னு ஆடுது" என்று ஒர்க்ஷாப்பில் போய் நிற்பவருக்குப் பெரும்பாலும் உடனே கிடைக்கும் பதில், "சென்சார் போயிருக்கும், மாத்திருவோம்" என்பதுதான்.

மாற்றுவார்கள். பணம் போகும். நடுக்கம் போகாது.

இந்தச் சிக்கலின் வேர் கால் நூற்றாண்டு பழையது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் இருந்தது கார்புரேட்டர். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் மெதுவான ஓட்டம், சரியில்லை என்றால் ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகு திருகினால் போதும். உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லி வட்டாரத்தில் 2000 ஏப்ரலில் யூரோ 2 மாசுக் கட்டுப்பாடு கட்டாயமானது. அதே தரம் பாரத் ஸ்டேஜ் 2 என்ற பெயரில் 2005 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்தது. கார்புரேட்டர் கார்களின் காலம் அதோடு முடிந்தது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறையும், அதை நடத்தும் ஈ.சி.எம். என்ற கணினிப் பெட்டியும் சாதாரணக் கார்களுக்குள் வந்தன. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. ஆக, இன்று ஓடும் எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800 எதுவுமே இளசு அல்ல. அதிலுள்ள ஒயர்களுக்கும் அதே வயதுதான்.

நெடுஞ்சாலையில் தெரியாத குறை நிற்கும்போது மட்டும் தெரிவது ஏன்? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் வாசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 800 அல்லது 900 சுற்று சுற்ற மிகக் கொஞ்சம் காற்றும் மிகக் கொஞ்சம் பெட்ரோலும் போதும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. அளவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது சிறு பிழைகூடப் பெரிதாகத் தெரியும். வேகத்தில் அதே பிழை கரைந்துவிடும். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் தடுமாறினாலும் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடுவதால் நடுக்கம் இன்னும் கூடுதல்.

அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரை வைத்துப் பார்க்கலாம். 20 டிகிரி குளிர்ச்சியில் அதன் மின்தடை ஏறத்தாழ 2,300 ஓம். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது, அதை ஒயரோடு இணைக்கும் கப்ளருக்குள் மட்டும் ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் களிம்பு 2,000 ஓம் தடையைச் சேர்த்தால், கொதிக்கும் இன்ஜினின் 300 ஓம் கணினிக்கு 2,300 ஆகப் போய்ச் சேரும். இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று நம்பி அது பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், ஐடிலிங் தடுமாறும். ஒயர் முழுவதும் அறுந்திருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும். இங்கே வந்து சேர்வதோ நம்பத்தக்க ஓர் எண். அதனால் விளக்கும் எரியாது. புது சென்சார் போட்டாலும் களிம்பு அதே கப்ளரில்தான் இருக்கும்.

ஒயர் கெடப் பல காரணங்கள். கோடை வெயிலில் பானெட்டுக்குள் வேகும் இன்சுலேஷன் வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வெடிப்புக்குள் ஈரம் புகுகிறது. விலை உயர்ந்த கார்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் மாடல்கள் சிலவற்றில் இன்ஜின் ஒயர்களின் உறை சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது உலகறிந்த கதை.

அப்புறம் எலி. தோப்போரமாக நிறுத்தும் வண்டியென்றால் சொல்லவே வேண்டாம். பாச்சா உருண்டை, புகையிலை என்று நம் ஆட்கள் என்னென்னவோ வைத்துப் பார்க்கிறார்கள். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த டேப்பையே ஒயர்மேல் சுற்றுவதற்காக விற்கிறது.

சரியான சோதனைக்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். முதலில் இன்ஜின் ஓடும்போது அதன் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் அடங்கிவிடும். அடுத்தது சாவியைத் திருப்பி, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கப்ளரைப் பார்ப்பது. ஒரு ஒயரில் 5 வோல்ட் வர வேண்டும். அது குறைந்தால் பழி அந்த சென்சார்மேல் விழக் கூடாது, ஏனென்றால் பல வண்டிகளில் அதே 5 வோல்ட்தான் காற்று வாசலின் திறப்பை அளக்கும் த்ராட்டில் சென்சாருக்கும் போகிறது. ஒன்றின் ஒயர் உரசினால் இரண்டும் படுத்துவிடும். சிக்னல் ஒயரில் இன்ஜின் நிற்கும்போது 4 வோல்ட் அளவும், ஐடிலிங்கில் ஒன்று, ஒன்றரை வோல்ட்டும் இருந்தால் சென்சார் பிழைத்தது. மீட்டரைப் பார்த்தபடியே ஒயர்க்கட்டை அங்கங்கே ஆட்டிப் பார்க்க வேண்டும். எண் துள்ளும் இடத்தில்தான் முறிவு இருக்கும்.

டெஸ்ட் லாம்ப் இந்த ஒயர்களுக்கு ஆகாது. அது இழுக்கும் மின்சாரம் கணினியைச் சுட்டுவிடலாம். ஒயரை ஊசியால் குத்திப் பார்ப்பதும் கூடாது. அந்தத் துளை வழியே அடுத்த மழை உள்ளே போகும்.

எல்லா நடுக்கத்துக்கும் ஒயர் காரணமல்ல. வெடித்த வேக்குவம் ஹோஸ், கரி அடைத்த ஐடில் வால்வு, தேய்ந்த பிளக் ஆகியவையும் இதே கோலத்தைக் காட்டும். ஒயரோடு சேர்த்து அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. புகைச் சான்றிதழ் எடுக்கும்போதும் பெட்ரோல் காரை ஐடிலிங்கில் வைத்துத்தான் அளக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெட்ரோலை அள்ளி ஊற்றும் வண்டி அந்த வரம்பில் நிற்பது கடினம். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் காத்திருப்பவர்களுக்கு இது வெறும் சவுகரியப் பிரச்சினை இல்லை.

அதனால் அடுத்த முறை "சென்சார் போயிருச்சு" என்று சொன்னால், "மீட்டர்ல என்ன காட்டுச்சு அண்ணாச்சி?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்கிற மெக்கானிக்கிடம் தயங்காமல் வண்டியை விடுங்கள்.